கோதுமை வயலின் நடுவே ஒரு பாதை

"என் வயலில் அடி எடுத்து வைத்தால் காலை ஒடித்துவிடுவேன்" என்று சொல்லாத மிராசுதார் இவ்வுலகில் எங்கேனும் உண்டா? இங்கிலாந்திலும் கிடையாது. ஆனால், அப்படிச் சொல்லும் மிராசுதாரின் கோதுமை வயலுக்கு நட்ட நடுவில், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஊரும் பேரும் தெரியாத ஒருவன் கையை வீசிக்கொண்டு நடந்து போகலாம். அவர் வாய் திறக்க முடியாது. வேண்டுமானால் "நல்ல வெயில்" என்று சொல்லலாம். அந்தத் தேசத்தில் அதையும் அடிக்கடி சொல்ல வாய்ப்பதில்லை.

இந்த அதிசயத்தை நான் தெரிந்துகொண்டது ஒரு ஜூன் மாதத்தில். ரெடிங் நகரத்தில் இருபது வருஷமாக வைத்தியம் பார்த்துவரும் கும்பகோணத்து நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. "ஓய்! இங்கிலாந்தைப் பார்க்க வேண்டுமென்று லண்டனில் உட்கார்ந்திருக்கிறீரே! லண்டன் இங்கிலாந்து அல்ல. புறப்படும்" என்று சொல்லி, இரண்டு சைக்கிள்களைத் தம்முடைய மோட்டாரின் பின்புறத்தில் கட்டிக்கொண்டு, ஆக்ஸ்போர்டுஷயர் ஜில்லாவில் வான்டேஜ் என்னும் சிற்றூருக்குத் தெற்கே என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

அங்கே சுண்ணாம்புக் குன்றுகள் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கின்றன. அவற்றின் முதுகின்மேல் வெள்ளை வெளேரென்று ஒரு பாட்டை ஓடுகிறது. இதற்கு ரிட்ஜ்வே என்று பெயர். ரோமர்கள் அந்தத் தீவில் கால் வைப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் நடந்து நடந்து உண்டான வழி இது. தாழ்ந்த நிலமெல்லாம் காடும் சேறுமாக இருந்த காலத்தில், ஈரம் தங்காத குன்றின் முதுகே அவர்களுக்கு ராஜபாட்டையாக இருந்திருக்கிறது. 1973-ல் 87 மைல் நீளத்தைத் தேசிய நெடுவழியாக அறிவித்தார்கள். அதன் மேற்குப் பாதியில் சைக்கிளும் குதிரையும் போகலாம்.

போகலாம் என்றால், போக முடியும் என்று அர்த்தமல்ல. சுண்ணாம்புக்குள் சிக்கிமுக்கிக் கற்கள் கத்தி முனைபோல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. இருபுறமும் பச்சைப் பசேலென்ற கோதுமையையும், தலைக்குமேல் கண்ணுக்குத் தெரியாமல் பாடிக்கொண்டிருந்த வானம்பாடியையும் நான் ரஸித்துக்கொண்டு போன சமயத்தில் என் பின் சக்கரம் 'புஸ்' என்று பெருமூச்சு விட்டது. பக்கத்தில் ஒரு மரத்தோப்பு. அதற்குள் பெரிய பெரிய கற்களை நிறுத்திக் கட்டிய, சுமார் 5,500 வருஷத்துக்கு முந்திய ஈமக்குழி ஒன்று இருக்கிறது. வேலண்டு என்னும் தேவலோகக் கொல்லனின் பட்டறை அது என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் சொல்லி வந்தார்கள். லாடம் கழன்ற குதிரையையும் ஒரு வெள்ளிக் காசையும் இரவில் அங்கே விட்டுவிட்டு வந்தால், காலையில் லாடம் கட்டித் தயாராக இருக்குமாம். காசு மட்டும் இராது! டியூப் ஒட்டும் வேலையையும் அவர் எடுத்துக்கொள்வாரா என்று நண்பரைக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் பம்பை என் கையில் கொடுத்தார்.

அங்கிருந்து கூப்பிடு தூரத்துக்குச் சற்றே அதிகமான தொலைவில் குன்றின் சரிவில் உஃபிங்டன் வெள்ளைக் குதிரை பாய்ந்துகொண்டிருக்கிறது. சுமார் 3,000 வருஷத்துக்கு முன்னால் யாரோ புல்லைச் சீவி, பள்ளம் தோண்டி, அதில் சுண்ணாம்புக் கல்லை இடித்து நிரப்பி இழுத்த கோட்டுச் சித்திரம். நீளம் 110 மீட்டர், அதாவது 360 அடி. இதிலுள்ள விசேஷம் என்னவென்றால், சில வருஷங்கள் கவனிக்காமல் விட்டால் புல் முளைத்துக் குதிரை மறைந்துவிடும். ஆகையால் தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் குன்றின்மேல் ஏறிப் புல்லைக் களைந்து புதுச் சுண்ணாம்பு இடித்து வந்திருக்கிறார்கள். இன்றைக்கும் தொண்டர்கள் சுத்தியலும் கையுமாக வந்து முழங்காலிட்டு இடிக்கிறார்கள். ராஜாக்கள் மாறினார்கள், மதம் மாறிற்று, பாஷைகூட மாறிற்று. குதிரைக்குச் சுண்ணாம்பு இடிக்கும் கைங்கரியம் மட்டும் நிற்கவில்லை.

குன்றின் கீழே இருந்த கிராமத்தில் தேநீர் கிடைக்கும் என்று நண்பர் சொன்னார். சைக்கிள்களை ஒரு வேலியோடு சேர்த்துப் பூட்டிவிட்டு இறங்கினோம். ஏனென்றால், கீழே போவது ஒற்றையடிப் பாதை. அந்த நாட்டுச் சட்டத்தில் பாதைகளுக்கும் ஜாதி உண்டு. நடப்பவர்க்கு மட்டும் உரியது ஒரு வகை. குதிரையும் போகக்கூடியது இன்னொரு வகை. அந்த இரண்டாம் வகையில் சைக்கிளும் போகலாம் என்று 1968-ல்தான் சட்டம் செய்தார்கள். அதுவும், நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

வேலியைத் தாண்டுவதற்கு மரத்தினால் இரண்டு படி வைத்திருந்தார்கள். ஏறி நின்று பார்த்தேன். எதிரே இடுப்பளவு கோதுமை. 'பொதுப் பாதை' என்று எழுதிய கைகாட்டி அந்தக் கோதுமையையே சுட்டிக் காட்டிற்று. பாதை என்று ஒன்றையும் காணோம்!

நம் ஊர் வழக்கப்படி வரப்பைச் சுற்றிக்கொண்டு போகலாம் என்று நான் திரும்பினேன். "அப்படிப் போகாதீர்கள்!" என்று ஒரு குரல் கேட்டது. எண்பது வயதை எட்டிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, கையில் தடியுடன் கோதுமைக்குள்ளிருந்து வெளிப்பட்டாள்.

"ஓரமாகப் போனால்தான் நீங்கள் பிறர் நிலத்தில் அத்துமீறியவர்கள் ஆவீர்கள். நடுவில் போனால் நீங்கள் போவது உங்கள் வழி. தயவுசெய்து நடுவில் போங்கள். இரண்டு ஜோடிக் கால்கள் எனக்குப் பெரிய உதவி" என்றாள்.

விஷயம் இதுதான். வயலின் குறுக்கே போகும் பாதையைக் குடியானவர் உழலாம். ஆனால், உழுத 14 நாளைக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குப் பாதையை மறுபடியும் மட்டம் செய்து காட்ட வேண்டும். பயிர் அதன்மேல் வளரவும் விடலாகாது என்பது 1990-ஆம் வருஷத்துச் சட்டம். இந்த வயல்காரர் அதைச் செய்யவில்லை. மூதாட்டி ஜில்லா கவுன்ஸிலுக்கு எழுதிப்போட்டுவிட்டு, பதில் வரும் வரையில் சும்மா இராமல், தினந்தோறும் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் அந்த வயலைக் குறுக்கே நடந்து வந்தாள்.

"சட்டப்படி இந்தப் பாதை சாகாது. ஒரு தடவை பொதுவழி ஆனது என்றைக்கும் பொதுவழிதான். ஆனால் சட்டத்தில் சாகாத பாதை நிலத்தில் செத்துப் போகும். நடக்க ஆள் இல்லையென்றால் முதலில் முள் வரும். பிறகு கம்பி வரும். அப்புறம் 'இங்கே பாதையே கிடையாது' என்று சொல்ல ஒருவர் வருவார்."

நாங்கள் நடுவில் போனோம். நண்பர் முன்னே போக, நான் அவர் அடிச்சுவட்டில் மிதித்துப் போனேன். விளைந்த பயிரை மிதிக்கிறோமே என்று மனம் கூசத்தான் செய்தது. திரும்பிப் பார்த்தபோது பச்சைக்கு நடுவே மெல்லிய கோடு ஒன்று விழுந்திருந்தது.

நம் பக்கத்துக் கிரயப் பத்திரங்களில் 'வழிநடைப் பாத்தியம் உள்பட' என்று எழுதுவார்களே, அதுதான் இது. வித்தியாசம் என்னவென்றால், நம் பத்திரத்தில் அந்தப் பாத்தியம் வாங்குபவனுக்கு. அங்கே ஊருக்கு, ஊருக்கென்ன, கும்பகோணத்தாருக்கும்கூட. இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக இப்படிப்பட்ட பாதைகள் ஏறக்குறைய 1,40,000 மைல் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சர்க்கார் படத்தில் பச்சைப் புள்ளிக் கோடாகப் பதிவாகியிருக்கிறது. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு பள்ளிச் சிறுவன்கூட ஒரு பிரபுவின் மாளிகைத் தோட்டத்துக்குள் தைரியமாக நடக்கலாம்.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. பாதை போகும் மைதானத்தில் காளை மாட்டை விடலாமா என்பதற்கு 1981-ஆம் வருஷத்துச் சட்டம் விடை சொல்கிறது. பால் ஜாதியைச் சேர்ந்த பத்து மாதத்துக்கு மேற்பட்ட காளையை விடலாகாது. பிற ஜாதிக் காளையானால் பசுக்களுடன் சேர்த்து விடலாம்! ஆகவே, காளை நம்மை நோக்கி ஓடிவரும்போது நாம் நின்று அதன் கோத்திரம், வயது, கூட வந்திருக்கும் ஸ்திரீ ஜனங்கள் ஆகியவற்றை விசாரித்த பிறகே ஓடலாமா என்று தீர்மானிக்க வேண்டும்.

இவ்வளவு தாராளமான சட்டத்தைப் பார்த்து, "ஆகா! ஆங்கிலேயனுக்குச் சுதந்திரம் பிறவிக் குணம்" என்று சிலர் சொல்லக்கூடும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அது தப்பு. 1604-ஆம் ஆண்டு முதல் 1914 வரையில் அந்த நாட்டுப் பார்லிமெண்டு 5,200-க்கு மேற்பட்ட சட்டங்களைச் செய்து, 68 லட்சம் ஏக்கர் நிலத்துக்கு வேலி போட அனுமதி கொடுத்தது. இங்கிலாந்தின் மொத்தப் பரப்பில் இது ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகம். ஊர்ப் பொதுவில் மாடு மேய்த்து, சுள்ளி பொறுக்கிப் பிழைத்தவர்கள் ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் எதிரே வேலி! 1815-ல் மற்றொரு சட்டம் வந்தது. இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் கூடி, "இந்தப் பாதை அநாவசியம்" என்று எழுதிக் கையெழுத்திட்டால் பாதை மூடப்பட்டுவிடும். அந்த மாஜிஸ்திரேட்டுகள் யார்? பெரும்பாலும் அந்த நிலச்சுவான்தார்களே, அல்லது அவர்களோடு சேர்ந்து விருந்துண்பவர்கள்!

வேலியால் விரட்டப்பட்டவர்கள் பட்டணங்களுக்குப் போய்ப் பஞ்சாலைகளில் சேர்ந்தார்கள். ஆகவே, பாதைக்காகச் சண்டை போட்டவர்கள் கிராமத்தார் மட்டும் அல்லர்; மான்செஸ்டர்காரர்களும்தான். புராதனப் பாதைகளைக் காப்பதற்கென்று 1826-லேயே அங்கே ஒரு சங்கம் ஏற்பட்டது. 1894-ல் ஏற்பட்ட அதன் வாரிசுச் சங்கம் இன்றைக்கும் உயிரோடிருக்கிறது. பச்சை வர்ணம் பூசிய அதன் இரும்புக் கைகாட்டிகளை அந்தப் பக்கத்து மலைகளில் எங்கும் காணலாம்.

அதே சமயத்தில்தான் சைக்கிள் வந்தது. 1885-ல் காவன்ட்ரி நகரில் ஸ்டார்லி என்பவர் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவான சைக்கிளைச் செய்தார். 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொடுத்தார். ஏழை எளியவர்களுக்கு அதற்கு முன்னால் குதிரையும் கிடையாது, வண்டியும் கிடையாது. பத்து வருஷத்துக்குள் கடைச் சிப்பந்தியும் ஆலைத் தொழிலாளியும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சக்கரத்தின்மீது ஏறி முப்பது மைல் போய்ப் பச்சை நிலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஹெச். ஜி. வெல்ஸ் 1896-ல் ஒரு துணிக்கடைச் சிப்பந்தியின் சைக்கிள் பிரயாணத்தை வைத்தே ஒரு நாவல் எழுதினார்.

பெண்களும் ஏறினார்கள். இதுதான் பலருக்குப் பொறுக்கவில்லை. நீண்ட பாவாடை சக்கரத்தில் சிக்குகிறதே என்று ஹார்பர்ட்டன் சீமாட்டி தொளதொளப்பான காற்சட்டை அணிந்து புறப்பட்டாள். 1898-ல் சரே ஜில்லாவில் ஒரு ஹோட்டல்காரி, இந்த உடுப்போடு சாப்பாட்டு அறைக்குள் வரக்கூடாது, குடிகாரர்கள் உட்காரும் அறையில் வேண்டுமானால் உட்காரலாம் என்று சொல்லிவிட்டாள். சைக்கிள் பிரயாணிகள் சங்கம் வழக்குத் தொடுத்தது. வழக்கு தோற்றது! ஆனால் எந்தப் பெண்ணும் சைக்கிளை விட்டு இறங்கியதாகத் தெரியவில்லை.

இனி, கதையின் முக்கியமான இடத்துக்கு வருவோம். அதற்கு நாம் வடக்கே போக வேண்டும்.

மான்செஸ்டரிலிருந்து அரைமணி நேரம் ரயிலில் போனால் நியூமில்ஸ் என்னும் ஊர். ஆற்றுப் பள்ளத்தாக்கின் அடியில் டார் வேல் பஞ்சாலையின் புகைபோக்கி நிற்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்பட்டு 2000-ஆம் ஆண்டு வரையில் வேலை செய்த ஆலை அது. நம் நாட்டு நெசவாளனின் தறியை ஓயச் செய்த துணி இப்படிப்பட்ட பள்ளங்களிலிருந்துதான் கிளம்பிற்று என்ற நினைவோடு நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, அதே ஆலைகளில் வாரம் ஆறு நாளும் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு ஏழாம் நாள் மலைக்காற்று வேண்டியிருந்ததும் நினைவுக்கு வந்தது.

நியூமில்ஸிலிருந்து ஹேஃபீல்டு வரை முன்னாளில் ரயில் ஓடிற்று. 1970-ல் அதை மூடினார்கள். தண்டவாளத்தை எடுத்த இடத்தில் இப்போது நடப்பவர்க்கும் சைக்கிளுக்குமாக இரண்டரை மைல் நிழற்பாதை இருக்கிறது. வாடகைச் சைக்கிளில் நாங்கள் அதன் வழியே போனோம். ரயில் பாதை என்பதால் மேடு பள்ளம் இல்லை. எனக்கு இங்கிலாந்திலேயே மிகவும் பிடித்த சாலை அதுதான் என்று வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

ஹேஃபீல்டுக்கு மேலே கிண்டர் ஸ்கௌட் என்னும் மலை. உயரம் 2,087 அடி. உச்சி கூம்பாக இராது. மேஜைபோலப் பரந்த கருமையான மேட்டு நிலம். 1932-ல் அதன் பெரும்பகுதி டெவன்ஷயர் டியூக்குக்குச் சொந்தம். அங்கே புதரில் வளரும் க்ரௌஸ் என்னும் காட்டுக்கோழியை வருஷத்தில் சில நாட்கள் பிரபுக்கள் வந்து சுடுவார்கள். அந்தச் சில நாட்களுக்காக 365 நாளும் மலைக்குக் காவல்! "அத்துமீறி நுழைபவர்மீது வழக்குத் தொடரப்படும்" என்ற பலகைகள் வேறு. பிறர் நிலத்தில் வெறுமே நடப்பது குற்றமாகாது, சிவில் வழக்குக்கே இடமுண்டு என்பதால், அந்தப் பலகை சொன்னது சுத்தப் பொய். ஆனால் காவலாளின் கையிலிருந்த தடி பொய்யல்ல.

மான்செஸ்டரில் பென்னி ராத்மன் என்று இருபது வயதுப் பையன் ஒருவன் இருந்தான். 1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சேர்ந்து கிண்டர்மீது ஏறுவது என்று அவனும் தோழர்களும் பகிரங்கமாக அறிவித்தார்கள். பையனைத் தடுப்பதற்குக் கோர்ட்டு உத்தரவு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு போலீஸார் ரயில் நிலையத்தில் காத்திருந்தார்கள். பென்னி ரயிலுக்கு வரவில்லை. சைக்கிளில் ஹேஃபீல்டு போய்ச் சேர்ந்துவிட்டான்!

பௌடன் பிரிட்ஜ் என்ற இடத்தில் பழைய கல்லுடைப்புப் பள்ளம் ஒன்று இருக்கிறது. அங்கே கூட்டம் சேர்ந்தது. சுமார் 400 பேர் என்பது ஒரு கணக்கு. பேச வேண்டியவர் பயந்து பின்வாங்கிவிடவே, பென்னியே பாறையின்மேல் ஏறிப் பேசினான். பிறகு எல்லோரும் வில்லியம் க்ளஃப் என்னும் ஓடைப் பள்ளத்தின் வழியாக நடந்தார்கள். அதுவரையில் பொதுப்பாதைதான், பாதைச் சங்கத்தார் 1897-லேயே மீட்டுக் கொடுத்தது. ஓரிடத்தில் பாதையை விட்டு விலகிச் சரிவில் ஏறினார்கள். மேலே காவலாட்கள். கைகலப்பு ஏற்பட்டது, காவலாள் ஒருவர் காயமடைந்தார். கூட்டம் மேலே ஏறி, மறுபக்கத்திலிருந்து வந்த வேறொரு கோஷ்டியைச் சந்தித்துக் களிகொண்டு திரும்பிற்று. கூட்டத்தில் இருந்த பதினேழு வயதுப் பையன் ஒருவன் பின்னால் ஈவன் மக்கால் என்ற பெயரில் பிரசித்தி பெற்ற பாடகனாகி, இந்த நடையைப் பற்றி 'மான்செஸ்டர் ராம்ப்ளர்' என்ற பாட்டைக் கட்டினான்.

ஊருக்குள் போலீஸ் காத்திருந்தது. ஆறு பேரைப் பிடித்தார்கள். நடந்ததற்கு வழக்குப் போட முடியாதல்லவா? ஆகையால், கலகக் கூட்டம் கூடியதாக வழக்கு. டர்பி கோர்ட்டில் ஜூலையில் விசாரணை. ஜூரிகளில் பிரிகேடியர்களும் கர்னல்களும் மேஜர்களும் நிலச்சுவான்தார்களும் நிறைந்திருந்தார்கள். ஐந்து பேருக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. பென்னிக்கு நாலு மாதம்.

நம் நேயர்களுக்கு இந்தக் கதை எங்கோ கேட்டதுபோல் தோன்றும். 1930 மார்ச்சில் காந்தி மகான் சபர்மதியிலிருந்து புறப்பட்டு, 241 மைல் நடந்து தண்டிக் கடற்கரையில் ஒரு பிடி உப்பை எடுத்தார். ஒன்றைப் பார்த்துத்தான் மற்றொன்று நடந்தது என்று சொல்லி நாம் பெருமையடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் உண்மையான தொடர்பு ஒன்று உண்டு. கிண்டர் நடைக்கு ஏழு மாதம் முன்பு, 1931 செப்டம்பரில், வட்டமேஜை மகாநாட்டுக்காக இங்கிலாந்து போயிருந்த மகாத்மா, லங்காஷயருக்கு வந்து டார்வென் என்னும் பஞ்சாலை ஊரில் தங்கினார். அந்நியத் துணி பகிஷ்காரத்தினாலும் வேலையிழந்திருந்த தொழிலாளிகள் அவரைச் சூழ்ந்து ஆரவாரித்தார்கள். அதே டார்வெனுக்கு மேலுள்ள மேட்டு நிலம், ஊரார் நெடுங்காலம் போராடி 1896-ல் நடப்பதற்கு உரிமை பெற்ற நிலம்! விக்டோரியா மகாராணியின் ஆட்சிக்கு 60 வருஷம் நிறைந்ததை முன்னிட்டு 1898-ல் அங்கே கோபுரம் ஒன்று திறந்தார்கள். ஊரார் அதை அந்த வெற்றிக்கும் சின்னமாகக் கொண்டார்கள். மகாத்மாவோ லண்டனில் சட்டம் படித்த காலத்திலேயே தினம் பல மைல் நடந்து பழகியவர்.

சிறைத் தண்டனை எதைச் சாதித்தது? நடைச் சங்கங்களின் பெரிய மனிதர்களே முதலில் பென்னியைக் கண்டித்தார்கள். "நாங்கள் பேசிப் பெற இருந்ததை இந்தப் பையன்கள் கெடுத்துவிட்டார்கள்" என்றார்கள். நம் மிதவாதிகள் பேசியதையும் நாம் கேட்டிருக்கிறோம் அல்லவா? தண்டனைக்குப் பிறகு ஜனங்களின் மனம் திரும்பிற்று. இருபது வருஷம் பொதுமக்கள் தடையின்றி நடந்துவந்த வழி பொதுவழியாகவே கொள்ளப்படும் என்ற சட்டம் அதே 1932-ல் நிறைவேறியது. 1949-ல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951-ல் கிண்டர் மலை அடங்கிய பீக் பிரதேசமே முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. 1965 ஏப்ரல் 24-ந் தேதி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்குச் சரியாக 33 வருஷம் கழித்து, 268 மைல் நீளமுள்ள பென்னைன் நெடுவழியைத் திறந்தார்கள். 2000-ஆம் வருஷத்துச் சட்டம், பாதையை விட்டு விலகியும் மேட்டு நிலங்களில் உலாவலாம் என்றது. 2002 ஏப்ரலில், எழுபதாம் ஆண்டு விழாவில், அப்போதிருந்த டெவன்ஷயர் டியூக் தம் பாட்டனார் செய்தது தவறு என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பென்னி அதைக் கேட்கவில்லை. அதே வருஷம் ஜனவரியில் காலமாகிவிட்டார்.

இத்துடன் கதை சுபமாக முடிந்துவிடவில்லை. அந்த உலாவும் உரிமை இங்கிலாந்தின் நிலத்தில் சுமார் 8 சதவிகிதத்துக்கே செல்லும். ஸ்காத்லாந்திலோ 2003-ஆம் வருஷத்துச் சட்டப்படி அநேகமாக எங்கும் நடக்கலாம். டார்ட்மூர் என்னும் தெற்கு மலையில் இரவு கூடாரம் அடிக்கும் பழைய உரிமை இல்லையென்று ஒரு நிலச்சுவான்தார் வழக்காடினார். உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2025 மே மாதத்தில்தான். சர்க்கார் படத்தில் ஏறாமல் விடுபட்ட பழம்பாதைகளும் இருக்கின்றன. தொண்டர்கள் பழைய படங்களையும் புதிய படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, அப்படி 49,000 மைலுக்கு மேல் இருக்கலாம் என்று 2020-ல் கணக்கிட்டார்கள். அவற்றைப் பதிவதற்கு 2026 என்று கெடு வைத்தார்கள். பிறகு 2031 என்றார்கள். 2024 இறுதியில், கெடுவையே நீக்கிவிடுவோம் என்று அரசாங்கம் அறிவித்தது.

நாங்களும் பௌடன் பிரிட்ஜ் பள்ளத்திலிருந்து ஏறினோம். பாறையில் அந்த நாளின் ஞாபகமாக ஒரு வெண்கலத் தகடு பதித்திருக்கிறார்கள். அதன் அடியில் ஒரு தகப்பனார் இரண்டு குழந்தைகளின் பூட்ஸ் கயிறுகளைக் கட்டிக்கொண்டிருந்தார். நீர்த்தேக்கத்தைத் தாண்டி ஓடைப் பள்ளத்தில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. மேலே போனதும் கறுத்த களிபோன்ற மண். கால் வைத்தால் முழங்கால் வரை இழுக்கிறது. விளிம்போடு போனால் கிண்டர் அருவி வரும். அருவி கீழே விழும் என்றுதானே நாம் அறிவோம்? மேல்காற்று பலமாக அடித்தால் இந்த அருவி மேல்நோக்கிப் பறக்கிறது! அன்று நாங்கள் நின்ற இடத்தில் வானத்து மழை முகத்திலும், அருவியின் மழை முதுகிலுமாக அடித்தது. நண்பர் தம் வைத்தியத் தொழிலை மறந்து, ஒரு பாறை மறைவில் உட்கார்ந்து எலுமிச்சஞ்சாதப் பொட்டலத்தைப் பிரித்தார். அந்தக் குளிரில், 2,000 அடி உயரத்தில், அந்தச் சாதத்துக்கு இருந்த ருசியை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஒருவரும் வந்து எங்களை யார் என்று கேட்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகு, ஆகஸ்டு மாதத்தில், நண்பரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அறுவடைக்கு முன்னால் மறுபடியும் அந்தக் கோதுமை வயலின் பக்கம் போனாராம். கவுன்ஸிலிலிருந்து ஒரு அதிகாரி வந்து அளந்து, வயல்காரருக்கு எழுத்து மூலம் உத்தரவு கொடுத்திருக்கிறார். வேலியிலிருந்து வேலி வரையில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நேராகப் பயிரை வெட்டி வழி விட்டிருந்தார்களாம். மூதாட்டி கொஞ்சம் ஓரமாகவே நடந்து வந்தாளாம். "வெட்டின இடத்தில் தாள் குத்துகிறது. நாம் மிதித்த பாதைதான் மெத்தென்று இருந்தது" என்று குறைப்பட்டுக் கொண்டாளாம்.